நாலாம் கைக்கு வந்த குட்டி யோசப்பின்

நீர்வேலி நிவேதனாவிடம் என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய அம்மா குணலட்சுமி முந்திக்கொள்வார். "கொம்பியூட்டர் வேலை. யாழ்ப்பாணத்திலைதான்" என்று சொல்லி, பேச்சு கலியாணப் பக்கம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய சாமர்த்தியம். உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுக் கேட்கிறவர்களுக்கு நிவேதனா வேறு விதமாகச் சொல்வாள்: "மெஷின் செய்யிற ஆக்கள் வேறை. செய்த மெஷினுக்கு மனிசரோடை எப்பிடிப் பழகிறதெண்டு பழக்கிறது நான்."

அப்படியும் ஒரு வேலையா என்று சிரிப்பவர்கள் உண்டு. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். தன் வேலையில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அப்பா பஞ்சலிங்கம் வாழைத் தோட்டக்காரர். குலைகளை லொறியில் ஏற்றி அனுப்பிய பின்னேரங்களில் தோட்டத்துக் கொட்டிலில் அவரும் கூட்டாளிகளும் முந்நூற்று நாலு விளையாடுவார்கள். நாலு பேர் ஆடும் சீட்டாட்டம் அது. எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு கட்சி. முதல் நாலு சீட்டைப் பார்த்துவிட்டு, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஒருவர் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் துரும்பு எந்த இனம் என்று முடிவு செய்து, அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். ஒரு கை குறையும் நாட்களில் பள்ளிக்கூடப் பெண்ணான நிவேதனாவைக் கூப்பிடுவார்கள். அவள் அங்கே கவனித்த ஒரு விடயம் உண்டு. அப்பா வென்ற நாட்களைவிட, துரும்பை ஏன் வீணாக்கினாய் என்று கூட்டாளியோடு மல்லுக்கட்டிய நாட்களில்தான் வீட்டுக்கு வந்து இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

பல்கலைக்கழகம் முடித்துக் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். தொலைபேசியில் தானாகப் பதில் சொல்லும் குரலுக்குத் தமிழ் வாக்கியங்கள் எழுதுவதும், கூப்பிட்டவர்கள் எந்த இடத்தில் எரிச்சலடைகிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பதும் வேலை. "மன்னிக்கவும், தங்கள் பதில் விளங்கவில்லை" என்றது அந்தக் குரல். முதல் மன்னிப்புக்கு மனிதர்கள் திரும்பச் சொன்னார்கள். இரண்டாவதுக்குக் கத்தினார்கள். அதற்குமேல் ஏசினார்கள். மன்னிப்பை எடுத்துவிட்டு "திரும்ப ஒருக்கால் சொல்லுங்கோ" என்று மட்டும் வைப்போம் என்றாள். மரியாதை குறைந்துவிடும் என்று மேலாளர் மறுத்தார். மரியாதை வேறு, மரியாதையான சொற்கள் வேறு என்று அவருக்கு விளங்கப்படுத்திப் பார்த்தாள். முடியவில்லை. அந்த வருடமே யாழ்ப்பாணம் திரும்பினாள்.

அப்போது இணுவிலைச் சேர்ந்த ஜெயரூபன் கொக்குவிலில் சிறிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். நாற்பதை எட்டிய மனிதர். இயந்திரக் கைகள் செய்வதில் கெட்டிக்காரர். அவர் செய்த கை ஒரு முட்டையை உடையாமல் எடுத்து இன்னொரு கிண்ணத்தில் வைக்கும். ஆனால் அவருடைய ரோபோக்களோடு யாருக்கும் இரண்டாம் நாள் பேசத் தோன்றவில்லை. அதற்காகத்தான் நிவேதனாவை எடுத்தார்.

அவள் சேர்ந்த கையோடு ஒரு முறைப்பாடு வந்தது. வல்வெட்டித்துறையில், வெளிநாடுகளில் உள்ள பிள்ளைகள் சேர்ந்து கட்டிக்கொடுத்த முதியோர் பகல் நிலையம் ஒன்று இருக்கிறது. காலையில் வந்து, மத்தியானம் சாப்பிட்டு, பின்னேரம் வீட்டுக்குப் போய்விடலாம். அங்கே ஜெயரூபன் மேசையில் வைக்கும் ரோபோ ஒன்றைக் கொடுத்திருந்தார். உருண்டைத் தலை, இரண்டு கண், ஒரு கை. மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும், நலம் விசாரிக்கும். அதன் தலைமேல் துவாய் ஒன்றைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முறைப்பாடு.

நிவேதனா ஸ்கூட்டியில் புறப்பட்டாள். புத்தூர், அச்சுவேலி கடந்து தொண்டைமானாற்றுப் பாலத்தால் இறங்கியபோது கடற்காற்று தலைக்கவசத்துக்குள் புகுந்து இரைந்தது. நிலையத்துக்குள் நுழைந்தால் மூலையில் ரோபோ, அதன்மேல் நீலத் துவாய்.

"ஆர் இதை மூடினது?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றார் யன்னலோரம் இருந்த பெரியவர். பெயர் சோமசேகரம். கப்பல்களில் எஞ்சின் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒட்ட வெட்டிய நரைமுடி, உரத்த குரல். "விடிஞ்சால் பொழுதுபட்டால், 'இன்று நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்' எண்டு கேக்குது. உணருறதோ? கால் நோகுது எண்டன். 'அதைக் கேட்டு வருந்துகிறேன்' எண்டுது. உவன் ஆர் எனக்காக வருந்துறதுக்கு?"

குசினிக்குள் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சமையல்காரி யோசப்பின். கையில் அகப்பையோடு வாசலில் வந்து நின்று, "உவருக்கு என்ரை கறியும் பிடிக்காது, உந்தப் பெட்டியும் பிடிக்காது" என்றாள்.

"உன்ரை கறிக்கும் ஒரு துவாய் கிடக்குது" என்றார் சோமசேகரம். சுற்றியிருந்த எல்லாருக்கும் முகம் மலர்ந்தது.

அன்று முழுக்க நிவேதனா ரோபோவைத் தொடவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு சோமசேகரம், ஒரு பழைய தபாற்காரர், வலைக்கடை வைத்திருந்த ஒருவர் என்று மூன்று பேர் வட்ட மேசைக்கு வந்தார்கள். சீட்டுக்கட்டைக் கலைத்தார்கள். பிறகு கட்டை மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாலாவது ஆள் லண்டனில் மகளோடு போய் இருந்துவிட்டாராம். பெண்கள் பக்கத்து மேசையில் இருந்தார்கள். அவர்களைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் ஜெயரூபனிடம் சொன்னாள்: "அண்ணை, நலம் விசாரிக்கிறதை நிப்பாட்டுவம். அதுக்குக் காட்ஸ் விளையாடப் பழக்குவம்."

"விசர்க்கதை கதைக்காதை. உதவி செய்யிற ரோபோ எண்டு சொல்லித்தான் குடுத்திருக்கிறன்."

"அங்கை அவைக்கு வேண்டின உதவி ஒரு கை. எங்களிட்டை முட்டை தூக்கிற கை இருக்குது. சீட்டுத் தூக்காதோ?"

ஜெயரூபன் சிறிது நேரம் தன் இயந்திரக் கையைப் பார்த்தார். "முட்டையை விடச் சீட்டுக் கஷ்டம்" என்றார். "மெல்லிசு. வழுக்கும்." அந்தச் சொல்லிலேயே அவர் சம்மதித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சீட்டைப் பிடிக்க விரல் நுனியில் இறப்பர் உறிஞ்சி பொருத்தினார்கள். தன் சீட்டுகளை மற்றவர்கள் பார்க்காமல் வைத்துக்கொள்ள முன்னால் ஒரு சிறிய மரத்தட்டி. ரோபோவுக்குத் தன் சீட்டும் மேசையில் விழுகிற சீட்டும் மட்டுமே தெரியும். ஆட்டம் பழக்குவது பெரிய வேலையாக இருக்கவில்லை. விழுந்த சீட்டு ஒன்றையும் அது மறக்காது.

அதுவே பிழையாகிப் போயிற்று. ரோபோ எல்லா ஆட்டத்தையும் வென்றது. எதிர்க்கட்சிக்காரர் கொட்டாவி விட்டார்கள். அதன் கட்சியாக இருந்த சோமசேகரத்துக்கும் சந்தோசமில்லை. "இதோடை விளையாடுறதும் ஒண்டுதான், கடலுக்குக் கல்லெறியிறதும் ஒண்டுதான்" என்றார்.

"இடைக்கிடை பிழை விடச் செய்வம்" என்றார் ஜெயரூபன். நிவேதனாவுக்கு அது முழுமனதோடு பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு வழி சொல்லத் தெரியாததால் சம்மதித்தாள். அடுத்த முறை ரோபோ நல்ல சீட்டை வைத்துக்கொண்டு உதவாத சீட்டை இறக்கியது. ஒரு தரம். பிறகு இன்னொரு தரம். சோமசேகரம் கையிலிருந்த சீட்டுகளை மேசையில் கவிழ்த்தார்.

"ஒன்பதை வைச்சுக்கொண்டு ஏழை இறக்கினது. கிழவன்மாருக்கு விட்டுக் குடுக்குது. எங்களுக்கென்ன பால்குடி வயசே?" என்று எழுந்தார். கதவருகில் நின்று திரும்பினார். "பிள்ளை, நான் உன்னோடை கோபமில்லை. ஆனால் உது ஏமாத்து."

நிவேதனாவுக்கு முகம் சுட்டது. "ஓம் ஐயா, ஏமாத்துத்தான். இனி அப்பிடிச் செய்யமாட்டம்" என்றாள். அவர் சொன்னது சரி என்பதில் அவளுக்கு மறுகேள்வி இருக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதையே யோசித்தாள். எல்லாவற்றையும் வெல்கிறவரோடு ஆட ஆளில்லை. வேண்டுமென்றே தோற்கிறவரோடும் ஆளில்லை. அப்படியானால் மனிதர் யாரோடு விரும்பி ஆடுகிறார்கள்? தனக்குத் தெரிந்த ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். ஒருவர் பயந்தவர், கேட்கவேமாட்டார். ஒருவர் துரும்பைக் கடைசிவரை பதுக்குவார். இன்னொருவர் தோற்றாலும் பரவாயில்லை என்று பெரிதாகக் கேட்பார். அவர்களுடைய திறமையைவிட, அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்திருப்பதில்தான் ஆட்டத்தின் ருசி இருந்தது. இவன் இப்படித்தான் செய்வான் என்று கணக்குப் போடலாம். கணக்குத் தப்பினால் ஏசலாம்.

ரோபோவுக்கு ஒரு குணம் வேண்டும். காலையில் முடிவு செய்துவிட்டாள்: அது ஆசை பிடித்ததாக இருக்கும். தன் சீட்டை உள்ளதைவிடப் பெரிதாக மதித்துத் துணிந்து கேட்கும். கேட்டபிறகு, கேட்டதை எடுக்க முழு மூச்சோடு ஆடும். யாருக்கும் விட்டுக்கொடுக்காது. அதன் குறை நிசமான குறை. பழகப் பழக மற்றவர்கள் அதைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது குரல். பழைய குரல் வானொலிச் செய்தி வாசிப்பது போல இருந்தது. நிவேதனா குசினிக்குள் போனாள்.

"யோசப்பின் அக்கா, உங்கடை குரலை எங்களுக்குத் தருவியளோ?"

யோசப்பின் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள். "என்ரை குரலிலை ஆம்பிளையளோடை காட்ஸ் விளையாடுறதோ? என்ரை மனிசன் கேட்டால் என்ன சொல்லுவார்?"

"என்ன சொல்லுவார்?"

"வீட்டிலை ஏச்சு வாங்கிறது காணாதெண்டு அங்கையும் ஒண்டோ எண்டு கேப்பார்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டாள். "ஒண்டு சொல்லுறன். நான் சொல்லாததை அது என்ரை குரலிலை சொல்லக்கூடாது. இப்ப குரலை எடுத்துப்போட்டு என்னத்தையும் கதைக்க வைக்கினமாம். எனக்குத் தெரியும்."

"நீங்கள் வாயாலை சொன்னதை மட்டும் வைப்பம். வேண்டாமெண்டால் அதையும் அழிப்பம்" என்று நிவேதனா உறுதி கொடுத்தாள். அதனால் வாக்கியங்கள் குறைவாகவே இருந்தன. அதுவும் நல்லதாகப் போயிற்று. ரோபோ தேவையான இடத்தில் மட்டும் வாய் திறந்தது. அரிசி மூட்டைகள் அடுக்கிய களஞ்சிய அறையில் ஒலிப்பதிவு நடந்தது. நிவேதனா எழுதிக்கொண்டு போனவற்றில் பாதியை யோசப்பின் "இப்பிடி ஆர் கதைக்கிறது?" என்று தள்ளிவிட்டுத் தன் வாயில் வந்ததைச் சொன்னாள்.

சோமசேகரத்தை மறுபடி மேசைக்குக் கூட்டிவர நிவேதனா ஒரு வாக்கு மட்டும் கொடுத்தாள். "இந்த முறை ஏமாத்தில்லை ஐயா. பிழை விட்டால் அது தன்ரை புத்தியிலை விடுற பிழை." அதோடு மூன்று பேரிடமும் இன்னொன்றையும் சொல்லிவைத்தாள். ரோபோ எப்படி ஆடுகிறது என்று திருத்துவதற்காக ஆட்டங்கள் பதிவாகும், அதை அவள் பார்ப்பாள். அவர்கள் தலையாட்டினார்கள்.

முதல் நாலு சீட்டுப் போட்டார்கள். வலைக்கடைக்காரர் நூற்றறுபது கேட்டார். ரோபோ தலையைச் சரித்துத் தன் சீட்டைப் பார்த்தது.

"இருநூறு!" என்றது, யோசப்பினின் குரலில்.

குசினியில் ஒரு மூடி கீழே விழுந்தது.

"நாலு சீட்டோடை இருநூறோ?" என்றார் வலைக்கடைக்காரர்.

"ஓம். பயமெண்டால் விடுங்கோ" என்றது ரோபோ.

"அடி விசரி, என்னட்டை ஒண்டுமில்லையடி!" என்று சோமசேகரம் தன்னை மறந்து கத்திவிட்டார். கட்சிக்காரனுக்குத் தன் கையைச் சொல்வது ஆட்டத்தில் குற்றம். தபாற்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அந்த ஆட்டத்தில் அவர்கள் கொஞ்சப் புள்ளியால் தோற்றார்கள். "சீ! கையிலை வந்தது போயிட்டுது" என்றது ரோபோ. தேத்தண்ணி வரும்வரை சோமசேகரம் அதற்குப் பாடம் எடுத்தார்.

"நல்ல சீட்டு வந்தால்தான் கூடக் கேக்கவேணும். விளங்குதோ?"

"விளங்குது" என்றது. அடுத்த ஆட்டத்தில் நூற்றெண்பது கேட்டது. அதை எடுத்தும் காட்டியது.

அன்றோடு துவாய் குசினிக்குத் திரும்பிவிட்டது. ரோபோவுக்குக் குட்டி யோசப்பின் என்று பெயர் விழுந்தது. பிறகு வெறும் குட்டி. குட்டி கேட்கிறாளா என்று பார்த்துத் தன் கேள்வியை அமைக்க வலைக்கடைக்காரர் பழகிக்கொண்டார். அவளை உசுப்பேற்றி அதிகம் கேட்க வைத்து விழுத்துவது தபாற்காரரின் வித்தை. சோமசேகரம் அவளைக் காப்பாற்றுவதையே தன் ஆட்டமாக்கிக்கொண்டார். சிறிது நாளில் பக்கத்து மேசைப் பெண்கள் கதிரைகளை அரக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் யசிந்தா என்ற ஓய்வு பெற்ற தாதி ஒருநாள், "குட்டி விளையாடலாம், நாங்கள் விளையாடக்கூடாதோ?" என்று கேட்டு வலைக்கடைக்காரரின் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை எழும்பச் சொல்ல ஆளில்லை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, கனடாவிலிருந்து கஜானன் பேசினார். சோமசேகரத்தின் மகன். நிலையத்தைக் கட்டியவர்களில் ஒருவர். ஜெயரூபன் தொலைபேசியை நிவேதனாவும் கேட்கும்படி வைத்தார்.

"அப்பா ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுறார்" என்றார் கஜானன். குரலில் உண்மையான கவலை இருந்தது. "கேட்டால் ஒண்டுமில்லை எண்டு கத்துறார். டொக்டரிட்டைப் போகமாட்டார். உங்கடை மெஷின் அவர் விளையாடுறதை ஒவ்வொரு நாளும் பாக்குதுதானே? மறக்கிறாரோ எண்டு எனக்கு அறிவிக்கச் செய்யலாமோ? அவருக்குச் சொல்லாதேங்கோ. சொன்னால் விளையாட்டையும் விட்டிட்டு வீட்டோடை இருந்திடுவார்."

பேச்சு முடிந்ததும் ஜெயரூபன் அவளைப் பார்த்தார். "செய்யலாம்தானே? பிள்ளை தகப்பனைப் பற்றிக் கேக்குது. பிழையில்லை. இப்பிடிக் கேக்க வெளிநாட்டிலை எத்தினை பிள்ளையள் இருக்கினம் தெரியுமோ? எங்கடை கொம்பனியே எழும்பியிடும்."

நிவேதனா கணினிப் பக்கம் திரும்பினாள். ஆட்டப் பதிவுகளைத் திறந்தாள். குட்டியின் ஆட்டத்தைத் திருத்துவதற்காகப் பார்த்தபோதே அவள் கண்ணில் பட்டிருந்தது. இப்போது அதைத் தேடிப் பார்த்தாள். துரும்பைத் திறந்து எல்லாருக்கும் காட்டிய பிறகும் சோமசேகரம் வேறு இனத்தைத் துரும்பென்று நினைத்து வெட்டியிருந்தார். ஒரே ஆட்டத்துக்குள் திரும்பவும் அப்படியே. மகன் பயந்தது வீண் பயமில்லை.

"அவர் மறக்கிறார், அண்ணை" என்றாள்.

"அப்ப செய்ய வேண்டியதுதானே?"

"இல்லை. அவருக்குத் தெரியாமல் செய்யேலாது." அவள் குரல் உயரவில்லை. "குட்டி அவற்றை கட்சி. அவளுக்கு முன்னாலை அவர் ஏசுறார், சிரிக்கிறார், பிழை விடுறார். அவள் மேசையிலை இருந்துகொண்டு வெளியிலை ஒருத்தருக்குக் கோள் சொன்னால் அவள் ஆர்? மனிசர் அவளோடை விரும்பிப் பழகோணும் எண்டுதான் நாங்கள் இவ்வளவும் செய்தது. அந்த விருப்பத்தை வைச்சே அவரை வேவு பாக்கிறதோ?"

"நல்லதுக்குத்தானே?"

"நல்லதெண்டால் அவருக்கு முகத்துக்கு நேரை சொல்லலாம்தானே? மகனுக்கு நாங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் தகப்பனுக்குச் சொல்லுறன்."

"அவர் எழும்பிப் போனால்?"

"போனால் என்னாலை போனதாய் இருக்கட்டும். குட்டியாலை வேண்டாம்."

ஜெயரூபன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவளைத் தடுக்கவில்லை.

பின்னேரம் நிலையத்துக்குப் போனாள். சோமசேகரம் கடற்கரைப் பக்க மதிலருகே நின்றார். மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. ஒரு பெண் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயா, உங்களோடை ஒரு விசயம் கதைக்கோணும். கேக்க நல்லாயிராது."

"சொல்லு."

"ஆட்டப் பதிவைப் பாத்தன். துரும்பு உங்களுக்கு மறக்குது. ஒருக்கால் ரெண்டு தரமெண்டால் ஆருக்கும் வரும். உங்களுக்கு அடிக்கடி வருது. மகன் எங்களிட்டைக் கேட்டவர். நாங்கள் அவருக்கு ஒண்டும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்."

அவர் மதிலில் இருந்த கையை எடுத்தார். திரும்பவும் வைத்தார். "குட்டி சொல்லிச்சோ?"

"இல்லை. அவளுக்குக் கோள் சொல்லத் தெரியாது. நான் பாத்தன்."

கருவாட்டுக்காரி வேலையை முடித்துக்கொண்டு போகும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போன கிழமை வீட்டுக்குத் திரும்புற ஒழுங்கையை விட்டிட்டு நேரை நடந்திட்டன். ஊரே பிடிபடேல்லை. கடலைக் கண்டாப்போலைதான் திசை வந்தது." மூச்சை இழுத்துவிட்டார். "எனக்குத் தெரியும் பிள்ளை. மற்றவைக்குத் தெரியாதெண்டு நினைச்சன்."

நிவேதனாவுக்குக் கண் கலங்கியது. அவர் பார்க்காதபடி கடலைப் பார்த்தாள்.

"அப்ப இனி என்னை ஆட்டத்திலை சேக்க மாட்டியள்?"

"அது ஏன்? மறந்தால் பாக்கிற மாதிரி ஒண்டு செய்வம். விளையாடத் தெரியாமல் போகேல்லைத்தானே உங்களுக்கு?"

"போகேல்லை" என்றார் அவர், சட்டென்று, அவருடைய பழைய குரலில்.

குட்டியைக் கொண்டு அவருக்குத் துரும்பை ஞாபகப்படுத்துவது சுலபம். நிவேதனா அதைச் செய்யவில்லை. ஒரு ஆளை மட்டும் பார்த்து ஞாபகப்படுத்தினால் மேசையில் இருக்கும் எல்லாருக்கும் அது ஏன் என்று விளங்கிவிடும். ஜெயரூபனிடம் சொல்லி மரத்தில் சிறிய தாங்கி ஒன்று செய்வித்தாள். துரும்பைத் திறந்ததும் அந்தச் சீட்டின் இனம் வரைந்த பெரிய அட்டை ஒன்றை அதில் நிமிர்த்தி வைக்க வேண்டும். நாலு பேருக்கும் தெரியும். யாருக்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தபாற்காரர்தான் முதலில் வரவேற்றார். "இவ்வளவு நாளும் இல்லாமல் எப்பிடி விளையாடினம்? எனக்கும் பாதி நேரம் துரும்பு கிளாவரோ ஸ்கோப்பனோ எண்டு குழம்பிறது. சொல்ல வெக்கத்திலை இருந்தன்" என்றார். சோமசேகரம் தாங்கியை ஒருமுறை பார்த்தார். நிவேதனாவை ஒருமுறை பார்த்தார். "கேள், குட்டி" என்றார்.

அந்தக் கிழமை அவரே மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். வைத்தியரிடம் தானாகவே போனார், யசிந்தாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. ஞாபகம் குறையத் தொடங்கியிருக்கிறது, திரும்பி வராது, ஆனால் மெதுவாகத்தான் போகிறது என்றார் வைத்தியர். சில மருந்துகளை மாற்றினார். வீட்டோடு முடங்க வேண்டாம், ஆட்டத்தை விடவேண்டாம் என்றார். இப்போது பின்னேரங்களில் தபாற்காரர் அவரோடு வீட்டு வாசல்வரை நடந்து வருகிறார். இரண்டு பேரும் அன்றைய ஆட்டத்தைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டே போவதால், துணைக்குப் போவதாக யாருக்கும் தோன்றாது.

கஜானனுக்கு முதலில் கோபம். தன்னைத் தாண்டி அப்பாவிடம் போனது சரியில்லை என்று ஜெயரூபனிடம் சொன்னார். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவர் ஒருநாள் நிலையத்துக்கு வந்து, அப்பாவுக்கும் குட்டிக்கும் எதிராக யசிந்தாவோடு கட்சி சேர்ந்து உட்கார்ந்தார். குட்டி இருநூற்றுப் பத்துக் கேட்டது. "உவள் ஒருநாளும் திருந்தமாட்டாள்" என்று சோமசேகரம் தலையில் கைவைத்தார். பிறகு தாங்கியில் இருந்த அட்டையைப் பார்த்து, தன் சீட்டைப் பார்த்து, ஒவ்வொரு பிடியாக எடுத்துக் கொடுத்து, குட்டி கேட்டதற்குமேல் நாலு புள்ளி கூட எடுத்தார். கஜானன் கையிலிருந்த கடைசிச் சீட்டை வைத்துவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது நிவேதனாவிடம் வந்தார். "அப்பா இப்ப போனிலை தானாய் எல்லாம் சொல்லுறார். மறந்ததையும் சொல்லுறார்" என்றார். "நான் கேட்ட மாதிரி நீங்கள் செய்திருந்தால் உது நடந்திராது."

"உங்களுக்குப் பயம். அதாலை கேட்டனீங்கள்" என்றாள் நிவேதனா.

எங்கள் மெஷின் கோள் சொல்லாது என்பது இப்போது ஜெயரூபனின் பெருமைப் பேச்சாகிவிட்டது. ரோபோ வாங்க வருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது அதைத்தான். அதைக் கேட்டு விலகிப் போனவர்கள் உண்டு. அதற்காகவே வாங்கியவர்களும் உண்டு. பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் குட்டிகள் இருக்கின்றன. யோசப்பின் தன் குரலை அவற்றுக்கும் கொடுத்தாள், பழைய நிபந்தனையோடு. சாவகச்சேரியில் குட்டிக்குத் திருநீறு பூசி வைத்திருக்கிறார்களாம்.

நிவேதனா இப்போது வேறொன்றில் மும்முரமாக இருக்கிறாள். வல்வெட்டித்துறை நிலையத்தில் பெண்களுக்கென்று தனி மேசை போட்டாயிற்று. அங்கே ஐந்தாறு பேர் மாறிமாறி ஆடுகிறார்கள். போன மாதம் அவள் போனபோது யசிந்தா அவளைக் கையில் பிடித்து உட்கார வைத்தார்.

"எங்கடை மேசைக்கும் ஒண்டு வேணும், பிள்ளை. ஆனால் உந்த ஆசைக்காரி வேண்டாம். அவள் ஆம்பிளையளுக்குச் சரி."

"உங்களுக்கு எப்பிடியானவள் வேணும்?"

யசிந்தா மற்றப் பெண்களைப் பார்த்தார். எல்லாருக்கும் ஏற்கெனவே பேசி முடிவான விடயம் போலிருந்தது.

"அமசடக்கமாய் இருக்கோணும். ஒண்டும் தெரியாதவள் மாதிரி. கேக்கமாட்டாள், பாஸ் எண்டு விட்டிடுவாள். கடைசியிலை பாத்தால் எல்லாப் பிடியும் அவளட்டை இருக்கோணும்."

நிவேதனா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பிடி ஒருத்தியை உங்களுக்குத் தெரியுமோ?"

"எங்கள் எல்லாருக்கும் தெரியும்" என்றார் யசிந்தா. "ஆரெண்டு மட்டும் கேக்காதை."